சொல்லாமல் நின்றது ஒரு கணக்கு, செய்த வேலைக்குக் கூலி இன்னொரு கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் படித்து முடித்தபிறகு படுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு விஷயம் போட்டிருந்தேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி வெளியூரில் ஒரு துணிக்கடையில் மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு இருந்தாள். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று போன் வந்ததும் ராத்திரி பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மூன்றாம் நாள், "இனி வேலைக்கு வர இயலாது" என்று கடைக்கு எழுதி அனுப்பினாள். அந்த மாதம் 19 நாள் வேலை பார்த்திருக்கிறாள். அந்தச் சம்பளத்தைக் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "ஒரு மாசம் முன்னாடி சொல்லாம நின்னா சம்பளம் கிடையாது."

கடைக்காரர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் குழுவில் வந்த பதில்கள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தன. "சொல்லாமக் கொள்ளாம ஓடி வந்தவளுக்கு என்னத்துக்குச் சம்பளம்?" என்றார் ஒருவர். "கேக்க எப்படி வாய் வருது?" என்றார் இன்னொருவர். அதற்கு ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதில் மூன்று பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். ஆகவே பாடத்தை மறுபடி நடத்தவேண்டியது என் கடமை.

சொல்லாமல் நிற்பது சரி என்று நான் வாதாட வரவில்லை. கடைக்காரருக்குச் சிரமம்தான். ஆனால் அது ஒரு கணக்கு. 19 நாள் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டு சேலை விரித்துக் காட்டியது வேறொரு கணக்கு. நம் ஊர்க்காரர்களுக்குத் தறி தெரியும். ஒருவர் பத்து சேலை நெய்து கொடுத்துவிட்டு பதினோராவதை நெய்யாமல் நின்றுவிட்டார் என்று வையுங்கள். அந்தப் பத்து சேலையையும் முதலாளி திருப்பிக் கொடுத்துவிடுவாரா? விற்றுக் காசாக்குவார். சரக்கு மட்டும் செல்லும், கூலி செல்லாது என்றால் அது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தையும் சொல்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, தானாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம் என்று பட்டியல் இருக்கிறது. வராத நாளுக்குப் பிடிக்கலாம். வந்த நாளுக்கு அல்ல. அபராதம் போட்டாலும் அந்த மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக்கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்த்துப் பாதிச் சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது.

முன்னறிவிப்பு இல்லாமல் வராமல் போவதைப் பற்றியும் சட்டம் யோசித்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, தக்க காரணமும் இல்லாமல் ஒன்றாக நின்றால், அதிகபட்சம் எட்டு நாள் சம்பளத்தைப் பிடிக்கலாம். 1936-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இதே கணக்குத்தான். இப்போது பலகையில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு 400 ரூபாய். 19 நாளைக்கு 7,600. இவள் பத்துப் பேர் இல்லை, ஒருத்தி. காரணமும் இருந்தது. அந்த எட்டு நாளைப் பிடித்தாலும் 3,200 போக 4,400 மிஞ்சும். பூஜ்யம் எந்த வழியில் வந்தது என்று கட்டைவிரல் காட்டிய மாணவர்கள் எனக்கு விளக்க வேண்டும்.

இந்தப் புத்தி நமக்குப் புதிதல்ல. 1859-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போன தொழிலாளியை ஜெயிலில் போடலாம். அதை ரத்து செய்ய 1925 வரை ஆனது. சட்டம் போனாலும் புத்தி போகவில்லை. பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததே, மறந்துவிட்டீர்களா? தென்மாவட்டப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்றார்கள். உடம்புக்கு முடியாமல் நடுவில் வந்த பிள்ளைகள் பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. அது சீதனமல்ல, மாதாமாதம் அவர்களிடமே பிடித்து வைத்த கூலி. அப்போதும் நாம், "முழுசா முடிக்காம ஏன் வந்தா?" என்றுதான் கேட்டோம்.

"கடை நடத்திப் பார்த்தால் தெரியும் மாமா" என்று ஒரு மருமகன் எழுதியிருந்தார். சரி மாப்பிள்ளை, ஒன்று கேட்கிறேன். ஆறு மாதம் வேலை பார்த்த ஆளை நிறுத்துவதானால் ஒரு மாத முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் 1947-லேயே சொல்லிவிட்டது. "நாளையிலேருந்து வராதே" என்று சொல்லி அனுப்பிய எத்தனை பேருக்கு அப்படிக் கொடுத்தீர்கள்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அரசு வேலைக்கு உத்தரவு வந்த அன்றே, நான் இருந்த தனியார் பள்ளியை விட்டு வந்தேன். மாதம் 300 ரூபாய் சம்பளம். 20 நாள் பாக்கி, 200 ரூபாய். கேட்கப் போகவில்லை. சொல்லாமல் வந்துவிட்டோமே என்று கூச்சம். அந்த மாதம் என் அப்பா கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினார். என் கூச்சத்துக்கு அவர் வட்டி கட்டினார்.

அந்தக் கூச்சம் உங்களுக்கு வேண்டாம். சேர்ந்த தேதி, கடைசி நாள், வேலை பார்த்த நாட்கள், வரவேண்டிய தொகை எல்லாம் எழுதி ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக் வரவு, வாட்ஸப் செய்தி, அடையாள அட்டை எதையும் அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுங்கள். மூன்று வருஷம்வரை கேட்கலாம். பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்குவரை இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

அந்தப் பிள்ளை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் கடிதம் எழுதினாள். முதல் வரியில் "மன்னிக்கவும்" என்று ஆரம்பித்தாள். அடிக்கச் சொன்னேன். தொகையை மட்டும் எழுதச் சொன்னேன்.

கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, சொந்தங்களே, இந்த வருஷம் ஆடித்தபசுக்கு நன்கொடை எழுதும் முன்னால் பழைய நோட்டைப் புரட்டுங்கள். பாதியில் நின்ற யாருக்காவது பாக்கி இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள். கோமதி அம்மனுக்குக் காத்திருக்கத் தெரியும்.

உங்கள் கணக்கு வாத்தியார்