தூக்குக்குண்டும் செயற்கை நுண்ணறிவும்

வைகைக் கரையை ஒட்டி அமைந்த ஆரப்பாளையத்தில் வாழ்வோர்க்குக் கட்டுமான ஓசை கேளாத நாள் அரிது எனலாம். ஓட்டு வீடுகள் இருந்த சந்துகளில் மாடி வீடுகள் எழுகின்றன. அண்மையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிற்கு அஸ்திவாரம் போட வானம் தோண்டிக்கொண்டிருந்தனர். அங்கே நின்ற இளம் பொறியாளர் தம் கைப்பேசியிலிருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம், இரண்டு மாடி வீட்டிற்கு எத்தனை அடி ஆழம் வேண்டும் என்று வினவினார். நொடிப்பொழுதில் விடை வந்தது. அவர் அதனை வாசித்துக் காட்ட, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே முதிய மேஸ்திரி கேட்டார்: "அது எந்த ஊர் மண்ணுக்குச் சொல்லுது தம்பி?"

பொறியாளரிடம் பதில் இல்லை. செயலியும் அவ்வினாவைக் கேட்டிருக்கவில்லை. இக்கட்டுரைக்கு அவ்வினாவே வித்தாயிற்று.

இலக்கியம் காட்டும் அளவுகோல்

கட்டடக் கலையில் கருவியை நம்புவது நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர், அரண்மனை அமைக்கும் முறையை விளக்குகிறார். கோல் நட்டு, அதன் நிழல் எப்பக்கமும் சாயாத உச்சிப் பொழுதைக் கண்டு, திசை தேர்ந்து, கயிறு பிடித்து நிலத்தை வகுத்தனர் என்பது அவர் தரும் செய்தி. கோல் கருவி, நிழல் அது தரும் தரவு. ஆயினும் நிழலைப் படித்தவரும் கயிறு பிடித்தவரும் நூலறிவு மிக்க மனிதரே. கொத்தனார் கையிலிருக்கும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இன்றும் அவ்வாறே பயன்படுகின்றன. சுவர் சாய்ந்திருப்பதைத் தூக்குக்குண்டு காட்டும். இடித்துக் கட்டு என்று சொல்ல வேண்டியவர் மேஸ்திரி.

செயற்கை நுண்ணறிவைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டும் என்பார் சிலர்; அனைத்தையும் அதனிடமே விட்டுவிடலாம் என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் ஏற்புடையன அல்ல. கட்டுமானத் துறையில் அதனை எச்சரிக்கும் காவலனாக ஏற்கலாம். அனுமதி வழங்கும் அதிகாரியாக ஏற்றல் கூடாது என்பதே என் கருத்து.

பாம்பன் தரும் பாடம்

இதற்கு நல்ல சான்று நம் மதுரை இரயில்வே கோட்டத்திலேயே உண்டு. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில், சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் உணரிகளைப் பொருத்திப் பாலத்தின் அதிர்வுகளை இடைவிடாது கண்காணித்து வந்தனர். 2022 டிசம்பரில் தூக்குப் பாலப் பகுதியில் மிகையான அதிர்வு இருப்பதாக அக்கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது. இரயில்கள் நிறுத்தப்பட்டன. இராமேசுவரம் செல்வோர் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே செல்ல நேர்ந்தது. அந்நிலை 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்படும் வரை நீடித்தது.

உணரிகளின் எச்சரிக்கையை முழுமையான செயற்கை நுண்ணறிவு என்பது மிகையாகலாம். ஆயினும் அத்திசையில் அது ஒரு படி. இங்கு நோக்கத்தக்கது யாதெனில், கருவி அபாயத்தை அறிவித்தது. இரயிலை நிறுத்தும் முடிவையும், அதனால் எழுந்த மக்களின் மனக்குறையையும் மனிதரே ஏற்றனர். புதிய பாலத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2024 நவம்பரில் ஆய்வு செய்த இரயில்வே பாதுகாப்பு ஆணையர், பாலம் நவீனமானது என்பதற்காக வாய்மூடி இராமல், தாம் கண்ட குறைகளை எழுத்தில் பதிவு செய்தார். எவர் படைப்பாயினும் குறை கண்டவிடத்துக் கூறும் துணிவை நக்கீரர் பெயரோடு சேர்த்துப் போற்றும் ஊர் நம் மதுரை. அத்துணிவை எந்தப் பொறிக்கும் ஊட்ட இயலாது.

மனிதர் பிழைக்கவில்லையா?

"மனிதன் கணக்கிட்ட கட்டடங்கள் இடியவில்லையா?" என்று மாணவர்கள் வினவலாம். நியாயமான வினாவே. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அங்கே செயற்கை நுண்ணறிவு இல்லை. கட்டமைப்பு வடிவமைப்பிலேயே கடும் குறைபாடுகள் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. நம் மதுரையிலும், நத்தம் சாலையில் 7.3 கி.மீ. நீளப் பறக்கும் பாலப் பணியின்போது, 2021 ஆகஸ்ட் 28 அன்று தூலம் ஒன்று சரிந்து வடமாநிலத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். தூலத்தை உயர்த்திய ஹைட்ராலிக் ஜாக்கி பழுதுற்றதே காரணம் என்று அந்நாளில் கூறப்பட்டது.

இத்தகைய இடங்களில் செயற்கை நுண்ணறிவு பெருந்துணையாகலாம். ஆளில்லா விமானம் எடுத்த படங்களைக் கொண்டு கண்ணுக்கு எளிதில் புலப்படாத விரிசலைக் காட்டும். தலைக்கவசம் அணியாதவர் சாரத்தில் ஏறும்போது எச்சரிக்கும். பாரம் தூக்கும் கருவியின் அழுத்தம் மாறுவதை முன்னரே அறிவிக்கும். இவற்றை வேண்டா என்பது அறியாமை.

ஆயின், மவுலிவாக்கத்தில் வரைபடத்திற்கும் அனுமதிக்கும் பொறுப்பானவர் எவர் என்று கேட்க முடிந்தது. பொறியே முடிவெடுத்தால் அவ்வினாவை எவரிடம் கேட்பது? 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே நடந்ததை எண்ணிப் பாருங்கள். வெள்ளம் ஒரு பகுதியை அரித்துச் சென்ற பாலத்தின் மீது, வழிகாட்டிச் செயலியை நம்பிக் காரோட்டிச் சென்றதாகக் கூறப்பட்ட மூவர் ஆற்றில் விழுந்து மாண்டனர். தடுப்பு அமைக்காத பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும், வரைபட நிறுவன அலுவலர் மீதும் காவல்துறை வழக்குப் பதிந்தது. பாலம் உடைந்ததை ஊரார் அறிவர், செயலி அறியவில்லை. பொறியின் அறிவு அதற்கு ஊட்டப்பட்ட தரவின் எல்லையோடு முடிந்துவிடுகிறது.

மண்ணும் மொழியும்

மேஸ்திரியின் வினாவுக்கு மீண்டும் வருவோம். ஆரப்பாளையத்தின் ஆற்றங்கரை மண் வேறு. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் வேறு. கரிசல் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் பிளக்கும். ஆகவே மண்ணைச் சோதிக்காமல் ஆழம் சொல்வது, நாடி பாராமல் மருந்து எழுதுவது போன்றதாகும். உரையாடும் செயலிகளோ, தாம் முன்பு கண்ட எழுத்துகளின் போக்கைக் கொண்டு பொருத்தமான அடுத்த சொல்லை ஊகித்து அடுக்குபவை. கான்கிரீட்டிற்கான ஐ.எஸ். 456 விதிநூலில் இல்லாத விதியைக்கூட இருப்பதுபோல் தடுமாற்றமின்றி அவை எழுதிவிடும். சரளமான நடையை உண்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதை விடைத்தாள் திருத்தும் எங்களைப்போல் அறிந்தவர் யாருமிலர்!

இங்கே தமிழ்த்துறைக்கும் ஒரு கடமை உண்டு. வானம், சாரம், தூலம், மட்டப்பலகை, சித்தாள் என நம் கொத்தனார்களிடம் வழங்கும் சொற்களும், எந்த மண்ணில் என்ன செய்வது என்னும் பட்டறிவும் நூல்களில் முழுமையாகப் பதிவாகவில்லை. பதிவாகாத அறிவைப் பொறி எங்ஙனம் கற்கும்? மாணவர்கள் விடுமுறையில் கட்டுமானத் தொழிலாளரிடம் சென்று இச்சொற்களைத் தொகுப்பாராயின் அது சிறந்த ஆய்வாக அமையும்.

செய்ய வேண்டுவன

தமிழ்நாடு அரசு 2020-ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, தணிக்கை, பொறுப்புடைமை, தரவுக் குறைபாடு ஆகியவற்றை அது கருதுகிறது. அக்கொள்கை கட்டுமானக் களத்திற்கும் வந்துசேர வேண்டும். பொறி தந்த கணக்கைத் தகுதியுடைய பொறியாளர் ஒருவர் தனியே சரிபார்த்துத் தம் பெயரில் கையொப்பமிட வேண்டும். பொறியிடம் என்ன கேட்கப்பட்டது, அது என்ன சொன்னது, எவர் ஏற்றார் என்பன குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். பொறி "ஆபத்து" என்றால் உடனே வேலையை நிறுத்தலாம். அது "நலம்" என்றாலோ ஒருமுறைக்கு இருமுறை ஆராய வேண்டும். தொழிலாளியின் உயிரைக் காக்கப் பொருத்திய கண்காணிப்புக் கருவி, அவர் தேநீர் அருந்தும் நிமிடங்களை எண்ணிக் கூலியைப் பிடிக்கும் கருவியாகிவிடவும் கூடாது.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் பலர் வீடு கட்டுவீர்கள்; உங்கள் தம்பி தங்கையர் பொறியியல் பயில்வர். புதிய கருவியை விருப்போடு கற்றுக்கொள்ளுங்கள். கையால் கணக்கிடும் பயிற்சியையும் கைவிடாதீர்கள். கணக்கு அறியாதவர்க்குப் பொறியின் பிழை தெரியாது. ஒரு கூரையின் கீழ் உறங்கும் குடும்பம், அதைக் கட்டியவரிடம் தன் உயிரை அமானிதமாக ஒப்படைத்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் கடமையைக் கருவியின் மேல் ஏற்றிவிட்டுத் தப்ப இயலாது.

எங்கள் தெருவில் அந்த இளம் பொறியாளர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மண்ணைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை சில நாள்கள் வேலை நின்றது. வீட்டுக்காரர் சற்றே முகம் சுளித்தார். மேஸ்திரியோ தூக்குக்குண்டைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மண்ணு என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு வாங்க தம்பி, பிறகு கட்டுவோம்" என்றார்.