பழுது பார்த்தலும் கல்வியே

கருவி பழுதுறுவது இயல்பு. பழுதுற்ற கருவியை உடனே புறத்தே எறிவது இயல்பன்று; அண்மைக் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் அது. ஏர்க்கொழு மழுங்கினால் கொல்லன் உலைக்குச் சென்றது; கூரை ஒழுகினால் கீற்று மாற்றப்பட்டது; செப்புக் குடத்தில் ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைக்கப்பட்டது. இவ்வாறு பொருளைப் பேணிய இல்லங்களில் இன்று மின்கருவிகள் பல புகுந்துள்ளன. அவற்றுள் ஒன்று ஓய்ந்துவிட்டால், "புதியது வாங்கிவிடலாம்" என்னும் சொல்லே முதலில் எழுகின்றது. அச்சொல்லால் இழக்கப்படுவது பணம் மட்டுமன்று, அறிவும் இழக்கப்படுகின்றது. ஒரு கருவியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் இவ்வுண்மை விளங்கும்.

வண்டிகளையும் முற்றங்களையும் கழுவப் பயன்படுவது உயர் அழுத்த நீர்க்கருவி. பிரஷர் வாஷர் என்று மக்கள் இதனை வழங்குவர். செருமனி நாட்டில் ஆல்பிரட் கார்ச்சர் என்பார் நிறுவிய நிறுவனம் 1950-ஆம் ஆண்டில் வெந்நீரை உயர் அழுத்தத்தில் பீச்சும் துப்புரவுக் கருவியைச் செய்தது. 1984-ஆம் ஆண்டில் அந்நிறுவனமே கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவியை வெளியிட்டது. பணிமனைகளில் இருந்த கருவி பின்னர் இல்லங்களிலும் இடம்பெறலாயிற்று.

இக்கருவியின் நெஞ்சம் போன்றது அதன் பம்பு. பத்து மீட்டர் உயரத்துத் தொட்டியிலிருந்து இறங்கி வரும் நீருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தமே உண்டு. அந்நீரைப் பம்பு 100 பார் அளவிற்கும் அதற்கு மேலும் உயர்த்துகின்றது. இஃது எவ்வாறு இயலும்? மோட்டார் சுழலும்போது அதனோடு சாய்வான தட்டு ஒன்றும் சுழல்கின்றது. அத்தட்டு பிஸ்டன் எனப்படும் சிறு தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளுகின்றது. ஸ்பிரிங்குகள் அவற்றை மீண்டும் வெளியே தள்ளுகின்றன. தண்டு பின்வாங்கும்போது நீர் புகும் வால்வு திறக்கும். நீர் வெளியேறும் வால்வு மூடும். தண்டு முன்னேறும்போது முன்னது மூடும், பின்னது திறக்கும். பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் மூன்று தண்டுகள் உள்ளன. அவை மாறி மாறி இயங்குவதால் நீர் இடையறாது பாய்கின்றது.

இந்நெறி நேற்றுத் தோன்றியதன்று. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கிடெசிபியஸ் என்னும் கிரேக்க அறிஞர், இரண்டு உருளைகளும் வால்வுகளும் கொண்ட பம்பினை அமைத்தார் என்று உரோம நாட்டு விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலில் எழுதியுள்ளார். ஆகவே, பிளாஸ்டிக் உறையினுள் மறைந்திருக்கும் பம்பு மந்திரப் பெட்டியன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதன் எண்ணிச் செய்ததை, இன்றுள்ள மனிதன் எண்ணி அறிதல் அரிதோ?

இதன் பழுதுகளும் அறிதற்கு அரியன அல்ல. நீரின் வேகம் ஏறியும் இறங்கியும் துடித்தால், பம்பினுள் காற்றுப் புகுந்திருக்கலாம். அன்றி, வால்வில் மணலோ உப்புப் படிவோ சிக்கியிருக்கலாம். பம்பின் அடியில் நீர் சொட்டினால், தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்பது தெளிவு. நீரின்றிக் கருவியை ஓட்டினால் சீல்கள் சூடேறிக் கெடும். ஏனெனில், அவற்றைக் குளிர்விப்பதும் வழுவழுப்பாக்குவதும் அந்நீரே. குளிர் மிக்க நாடுகளில் பம்பினுள் தங்கிய நீர் பனிக்கட்டியாகிப் பருத்து, உலோகக் கூட்டையே பிளந்துவிடுவதும் உண்டு.

நாடி பாராமல் மருத்துவன் மருந்து கொடுப்பதில்லை. அதுபோல, காரணம் அறியாமல் திருப்புளியைக் கையில் எடுத்தல் தகாது. குழாய் முழுதும் திறந்துள்ளதா, நீர்க்குழல் மடங்கியுள்ளதா, நீர் புகும் வாயிலுள்ள வடிகட்டி அடைபட்டுள்ளதா, நீர் பீச்சும் முனை தூர்ந்துள்ளதா என்று வரிசையாகப் பார்த்தல் வேண்டும். பம்பைக் கழற்றாமலே பல பழுதுகள் இந்நிலையிலேயே தீர்ந்துவிடும். தீராதபோதுதான் பம்பின் தலையைக் கழற்ற வேண்டும். கழற்றிய உறுப்புகளைத் துணியின்மேல் கழற்றிய முறைப்படியே அடுக்கி வைப்பவன், மீண்டும் பூட்டும்போது தடுமாறான். வால்வுகளைத் தூய நீரில் கழுவி, தேய்ந்த சீல்களையும் ஓரிங்குகளையும் அதே அளவுள்ள புதியவற்றால் மாற்றி, ரப்பருக்குப் பொருந்தும் சிலிக்கோன் கிரீஸ் தடவிப் பொருத்த வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினால் அழுத்தம் எங்கும் ஒத்து அமையும்.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். இது தீங்கு விளைக்கும் வேலை என்பர் ஒரு சாரார். அவர் கூற்றில் உண்மை உண்டு. உயர் அழுத்த நீர் தோலைத் துளைத்து உள்ளே செல்ல வல்லது. மேலே சிறு புள்ளியாகத் தோன்றும் அக்காயம் உள்ளே பெருங்கேடு விளைவிக்கும். அதற்கு உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். ஆதலின், கசிவைக் கண்டறிய விரலை வைத்துப் பார்த்தல் ஒருகாலும் கூடாது. மின் இணைப்பைப் பிடுங்கி, குழாயை மூடி, கைப்பிடியின் விசையை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தைப் போக்கிய பின்னரே கருவியைத் தொடுதல் வேண்டும். மோட்டாரிலோ மின்கம்பியிலோ பழுது இருப்பின், அது மின்பணி அறிந்தவர்க்கே உரியது. மாணவர் பெரியோர் துணையின்றி இவ்வேலையில் இறங்கலாகாது. எனினும், அரிவாள்மணை கையை அறுக்கும் என்று அஞ்சி ஒருவரும் காய் நறுக்காமல் இருப்பதில்லை. அதனைக் கையாளும் முறையையே கற்கின்றனர். எல்லை அறிந்து செய்தலும் கல்வியின் ஒரு கூறேயாம்.

வேலை தெரிந்தவரின் பிழைப்பு கெடாதோ என்பர் மற்றொரு சாரார். கெடாது. பம்பின் இயல்பை அறிந்த வீட்டார், தம்மால் இயலாத பழுதைத் தொழிலாளரிடமே கொண்டு செல்வர். அவர் உழைப்பின் அருமையை உணர்ந்து கூலி தருவர். தொழிலாளரின் பிழைப்பைக் கெடுப்பது, பழுதுற்றதைக் குப்பையில் சேர்க்கும் பழக்கமே.

ஆயினும், குறை முழுவதையும் வீட்டார்மேல் சுமத்துதல் நேர்மையாகாது. சில கருவிகள் திறக்கவே இயலாதவாறு செய்யப்படுகின்றன. சிலவற்றிற்கு மாற்று உறுப்புகள் கிடைப்பதில்லை. சிறு ரப்பர் வளையம் ஒன்று கிடைக்காமையால், இரும்பும் செம்பும் நிறைந்த கருவி முழுதும் வீணாதல் அறமாகுமோ? பிரான்சு நாடு 2021-ஆம் ஆண்டு முதல் சில பொருள்களுக்கு, அவற்றைப் பழுது பார்த்தல் எவ்வளவு எளிது என்பதைக் காட்டும் மதிப்பெண்ணைப் பத்துக்கு இத்தனை என்று குறித்து விற்குமாறு விதித்தது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்விதி உயர் அழுத்த நீர்க்கருவிக்கும் விரிவுபெற்றது. அதே ஆண்டில் இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறையும் பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டீன் போஸ்ட்மா என்னும் அம்மையார், மக்கள் ஒன்றுகூடித் தம் பொருள்களைச் செப்பனிடும் கூடத்தை 2009-ஆம் ஆண்டிலேயே தொடங்கினார். விலையை மட்டும் கேட்டுப் பொருள் வாங்கும் மக்கள், "இதனைத் திறக்க இயலுமா? உறுப்புகள் கிடைக்குமா?" என்றும் கேட்கத் தொடங்கினால், விற்போரும் செய்வோரும் அதற்குச் செவிசாய்ப்பர்.

ஒரு பம்பைச் செப்பனிட்டதனால் மிஞ்சும் பணம் சிறிதாக இருக்கலாம். அதனால் பெறும் பயன் சிறிதன்று. நீரின் அழுத்தமும் வால்வின் இயக்கமும் ஏட்டிலிருந்து இறங்கிக் கைக்கு வருகின்றன. பொறுமை வளர்கின்றது, காரணம் தேடும் பழக்கம் உண்டாகின்றது, உழைக்கும் கைகளின்பால் மதிப்புப் பிறக்கின்றது. கருவியை வாங்கத் தெரிந்தவன் அதற்கு உரியவன் மட்டுமே. அதனைப் பேணத் தெரிந்தவனே அதனை ஆள்பவன். கருவிகளால் ஆளப்படும் தலைமுறையாக இளைஞர் வளர்தல் ஆகாது. கருவிகளை ஆளும் தலைமுறையாக அவர்கள் வளர வேண்டும். அவ்வளர்ச்சிக்குப் பள்ளிக்கூடம் ஒரு வாயில். வீட்டில் ஓய்ந்து கிடக்கும் பழுதுற்ற கருவியும் ஒரு வாயிலே.