இடைவெளி கிடைக்காத சிறுமி

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் நடிகை ஸ்ரீதேவியின் கலைவாழ்வைப் பெரும்பாலும் 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்திலிருந்தோ, அதற்கு முந்திய ஆண்டில் வந்த ‘மூன்று முடிச்சு’ படத்திலிருந்தோ தொடங்குகின்றனர்; அவற்றுக்கு முன்னர் ஏழாண்டு காலம் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகிய நான்கு மொழிகளிலும் அவர் குழந்தை நடிகையாக உழைத்த பருவம் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. பின்னாளில் இந்தியா முழுவதும் கொண்டாடிய அந்த நடிப்புத்திறன் உருவானதும், ஒரு சிறுமிக்கு உரிய சில உரிமைகள் அவருக்குக் கிடைக்காமற் போனதும் அதே பருவத்தில்தான் என்பதால், அது தனியே ஆராயத்தக்கது.

ஸ்ரீதேவி 1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி தமிழ்நாட்டில் சிவகாசிக்கு அருகேயுள்ள மீனம்பட்டியில் பிறந்தார். தந்தை ஐயப்பன் வழக்கறிஞர், தாய் ராஜேஸ்வரி. முருக பக்தராகவும் விரைவாகப் படம் எடுத்து முடிப்பவராகவும் பெயர் பெற்றிருந்த சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்து, அவருடைய தம்பி எம். ஏ. திருமுகம் இயக்கி, 1969இல் வெளிவந்த ‘துணைவன்’ படத்தில் ஸ்ரீதேவி முருகக் கடவுளாகத் தோன்றியபோது அவருக்கு ஆறு வயது நிறைந்திருக்கவில்லை. அதே ஆண்டில் மலையாளத்தில் வந்த ‘குமாரசம்பவம்’ படத்திலும் முருகன் வேடமே அவருக்குக் கிடைத்தது. பெண் குழந்தையைப் பால முருகனாகவோ பால கிருஷ்ணனாகவோ நிறுத்துவது நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த பழக்கம். முகத்தில் கனிவும் சொல்வதை உடனே பற்றிக்கொள்ளும் திறனும் இருந்தால் போதும், ஆணா பெண்ணா என்பது அந்த வயதில் படக்குழுவினருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

தமிழ்ச் சினிமாவில் குழந்தை நடிகர்களுக்கு நீண்ட மரபு உண்டு. பெயருக்கு முன்னால் சிறுமியருக்குப் ‘பேபி’ என்றும் சிறுவருக்கு ‘மாஸ்டர்’ என்றும் அடைமொழி சேர்த்து விளம்பரம் செய்வது அந்த மரபின் ஓர் அடையாளம். கே. சுப்பிரமணியம் இயக்கி 1937இல் வெளிவந்த ‘பாலயோகினி’ படத்தில் நடித்த பேபி சரோஜா அக்காலத்தில் அடைந்த புகழ், அமெரிக்கக் குழந்தை நட்சத்திரமான ஷெர்லி டெம்பிளின் புகழோடு ஒப்பிடப்பட்டது. அவருடைய பெயரைத் தம் பெண் குழந்தைகளுக்கு இட்ட பெற்றோர் பலர். அறுபதுகளில் குட்டி பத்மினி அந்த இடத்தைப் பிடித்தார். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) படத்தில் பிரிந்த பெற்றோரை ஒன்றுசேர்க்கும் இரட்டைச் சகோதரியர் இருவராகவும் அவர் ஒருவரே நடித்தார். இத்தகைய படங்களில் குழந்தைகளுக்கான பாடல்களைப் பாடியவர் வளர்ந்த பெண்ணான எம். எஸ். ராஜேஸ்வரி என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம். குழந்தையின் முகம் ஓரிடத்திலிருந்தும் குரல் வேறோரிடத்திலிருந்தும் வந்து சேர்ந்தே திரையில் ஒரு குழந்தை உருவாயிற்று. கதைகளிலும் குழந்தைக்கு அளிக்கப்பட்ட பணி ஏறத்தாழ ஒன்றே: பெரியவர்கள் குலைத்த குடும்பத்தைத் தன் கண்ணீராலும் மழலையாலும் சீர்செய்வது.

ஸ்ரீதேவி இந்த மரபில் வந்து அதன் எல்லையைச் சற்று விரித்தவர். ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய ‘பாபு’ (1971) படத்தில் சிவாஜி கணேசன் ரிக்‌ஷா இழுக்கும் தொழிலாளி. தன்னை மனிதனாக மதித்த ஒருவர் இறந்தபின், அவருடைய ஆதரவற்ற மனைவியையும் மகளையும் தன் உழைப்பால் காப்பாற்றுகிறான். அந்த மகள் அம்முவின் சிறுபிராயத்தை ஸ்ரீதேவி ஏற்றார். முகத்தின் ஒவ்வொரு தசையையும் இயக்கி நடிக்கும் சிவாஜியின் எதிரே நிற்கும் சிறுமி, அவருக்கு ஈடுகொடுக்க முயலாமல், அவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள்; எதிரே இருப்பவரைக் கேட்பதும் பார்ப்பதும் நடிப்பின் பாதி என்பதைப் பல நடிகர்கள் நடுவயதில்தான் உணர்கின்றனர். அதே 1971இல் பி. கே. பொற்றெக்காட் இயக்கிய ‘பூம்பாற்ற’ என்ற மலையாளப் படத்தில் ஆதரவற்ற சிறுமியாக நடித்ததற்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது அவருக்குக் கிடைத்தது. தெலுங்கில் ‘படி பந்துலு’ (1972) படத்தில் என். டி. ராமராவின் பேத்தியாக வந்தார். இந்தியில் ‘ஜூலி’ (1975) படத்தில் நாயகி லட்சுமியின் தங்கையாக வந்தார். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக அமர்ந்து படிக்கும் வாய்ப்பு இந்தப் பயணங்களுக்கிடையே அவருக்கு அமையவில்லை. படப்பிடிப்புத் தளத்துக்கு உடன் வந்து காவலிருந்த தாய்தான் அவருடைய உலகின் நிலையான பகுதி.

‘பாபு’ படத்தில் சில காட்சிகளிலேயே சிறுமி அம்மு வளர்ந்துவிடுகிறாள்; வளர்ந்த அம்முவாக வேறொரு நடிகை வருகிறார். திரைக்கதை தன் குழந்தைகளை இப்படித்தான் வளர்க்கும். நடித்த குழந்தையோ ஒவ்வொரு நாளாகத்தான் வளர வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தை நட்சத்திரத்தின் வாழ்க்கையில் மிக முக்கியமான காலம் குழந்தைமை முடிந்து இளமை தொடங்குவதற்கு இடைப்பட்ட அந்த ஆண்டுகள்தாம். அவை யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே இப்பத்தியின் அக்கறை.

இதற்கு மிகத் தெளிவான சான்று ‘மூன்று முடிச்சு’. கே. பாலசந்தர் இயக்கி 1976 ஒக்டோபரில் வெளிவந்த அந்தப் படத்தில் கமல்ஹாசன், ரஜினிகாந்த் ஆகிய இருவருக்கும் நடுவே நாயகியாக நின்ற ஸ்ரீதேவிக்குப் பதின்மூன்று வயது. காதலனை நீரில் மூழ்கவிட்டு வேடிக்கை பார்த்தவனைப் பழிவாங்க, அவனுடைய தந்தையை மணந்து அவனுக்குச் சிற்றன்னையாகிறாள் கதாநாயகி செல்வி. காதல், இழப்பு, வஞ்சம், தாய்மை என வளர்ந்த பெண்ணொருத்திக்கே கனமான உணர்ச்சிகளை அந்தச் சிறுமி தடுமாற்றமின்றிச் சுமந்தார் என்பது அவருடைய பெரும் சாதனை. அவற்றைச் சுமக்கும்படி ஒரு சிறுமியை நிறுத்தியது திரைத்துறையின் பெரும் தவறு. பாராட்டும் குறையும் ஒரே காட்சியைப் பற்றியவை என்பதால் ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது நேர்மையாகாது. அப்போதைய இந்தியச் சட்டப்படி பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயது 15. அது 18 ஆக உயர்த்தப்பட்டது 1978இல். உண்மை வாழ்வில் சட்டம் தடுத்திருக்கக்கூடிய ஒரு மணக்கோலத்தில், வளர்ந்த மகனை உடைய ஒருவரின் மனைவியாக அச்சிறுமியைத் திரை நிறுத்தியது. அன்றைய பார்வையாளர்கள் கண்டது ‘செல்வி’யை மட்டுமே.

அப்படத்தில் காதலனாக நடித்த கமல்ஹாசனும் குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கியவரே. ‘களத்தூர் கண்ணம்மா’ (1960) வெளிவந்தபோது அவருக்கு ஐந்து வயது. ‘ஆனந்த ஜோதி’ (1963) உள்ளிட்ட சில படங்களோடு அவருடைய குழந்தைப் பருவத் திரைவாழ்வு முடிந்தது. அதன்பின் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலும், நடன இயக்குநர் தங்கப்பனின் உதவியாளராகவும் அவர் பயின்றார். கதாநாயகனாக ஏற்கப்பட்டபோது பத்தாண்டுகள் கடந்திருந்தன. குரல் உடைந்து மீசை அரும்பும் பையனுக்குத் திரையில் இடமில்லை என்ற நிலையே அவருக்கு அந்த இடைவெளியைத் தந்தது. அது வேலையில்லாத காலமாகத் துன்பமும் தந்திருக்கும், ஆனால் கற்கவும் தவறவும் யாரும் பாராமல் வளரவும் இடமளித்தது. சிறுமிக்கு அது கிடைக்கவில்லை. பையனின் வளர்ச்சியைத் தடையாகக் கண்ட அதே துறை, சிறுமியின் வளர்ச்சியைப் புதிய வாய்ப்பாகக் கண்டது. ‘படி பந்துலு’ படத்தில் பேத்தியாக வந்தவர், ஏழே ஆண்டுகளில், 1979இல் வெளிவந்த ‘வேட்டகாடு’ படத்தில் அதே ராமராவுக்கு இணையான கதாநாயகி. நாயகனின் வயது திரையில் நின்றுவிடும், நாயகியின் வயது மட்டும் விரைந்தோடும் என்ற வழக்கத்துக்கு இதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டு அரிது.

பாரதிராஜாவின் முதற்படமான ‘16 வயதினிலே’ வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்குப் பதினான்கு வயது. பள்ளிப் படிப்பை முடித்து ஆசிரியையாக வேண்டும் என்று கனவு காணும் கிராமத்துப் பெண் மயிலாக அவர் நடித்தார். படித்த பெண் என்ற பெருமிதமும், பட்டணத்து மனிதர் மேல் கொண்ட மயக்கமும், ஏமாற்றப்பட்டபின் வரும் முதிர்ச்சியும் படிப்படியாக அம்முகத்தில் ஏறுவதைக் காணும் எவரும், அந்த நடிகை பள்ளி வாழ்வை முழுமையாகப் பெறாதவர் என்று ஊகிக்க முடியாது.

இலங்கைத் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இக்கதை மேலும் நெருங்கி வரும் இடம் ‘மூன்றாம் பிறை’ (1982). அதை எழுதி இயக்கி ஒளிப்பதிவும் செய்த பாலு மகேந்திரா மட்டக்களப்புக்கு அருகேயுள்ள அமிர்தகழியில் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். விபத்தொன்றில் நினைவை இழந்து, மனத்தளவில் சிறுமியாகிவிடும் இளம்பெண்ணையும், அவளை மீட்டு ஊட்டிப் பக்கத்துக்கு அழைத்துச் சென்று பராமரிக்கும் பள்ளி ஆசிரியனையும் பற்றிய கதை அது. பதினெட்டு வயதில் அந்தப் பாத்திரத்தை ஏற்ற ஸ்ரீதேவி, குழந்தை நடிகையாக இருந்தபோது செய்யாத ஒன்றை அதில் செய்தார். முருகனாகவும் அம்முவாகவும் வந்தபோது பெரியவர்கள் சொன்னதைப் பிழையின்றிச் சொல்லும், ஒழுங்கான, அடக்கமான குழந்தையாக இருந்தவர், இங்கே அடம்பிடித்தார், மண்ணில் புரண்டார், நாய்க்குட்டியோடு விளையாடினார், காரணமின்றிச் சிரித்தார். வளர்ந்த உடலில் குழந்தையைக் காட்டும்போது மிகை புகுந்துவிடும் ஆபத்து உண்டு; பல இடங்களில் அந்த ஆபத்தின் விளிம்பு வரை சென்று அவர் மீண்டுவிடுகிறார். நாயகன் கமல்ஹாசன் என்பதால், தமிழ்ச் சினிமா வளர்த்த இரு குழந்தை நட்சத்திரங்கள் ஒரு குழந்தைமையைப் பற்றிய படத்தில் சந்தித்துக்கொள்கின்றனர். ஈழத்தின் கிழக்குக் கரையிலிருந்து சென்ற ஒரு கலைஞரின் கமெராவே அச்சந்திப்பைப் பதிவுசெய்தது. அந்த ஒளிப்பதிவுக்கு இந்தியத் தேசிய விருதும் கிடைத்தது.

ஸ்ரீதேவி குழந்தை நடிகையாக இருந்த அதே ஆண்டுகளில் கொழும்பின் திரைச்சூழலும் மாறியது. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதால், தமிழ்நாட்டுப் படங்கள் இங்கே எண்ணிக்கையில் குறைந்ததோடு பிந்தியும் வந்தன. படத்துக்கு முன்னர் அதன் பாடல்கள் இலங்கை வானொலி வழியாக வீடுகளை அடைந்தன. இன்று நிலைமை நேர்மாறானது. சென்னையின் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் இலங்கைச் சிறுவர்களே பங்குபற்றுகின்றனர். 2023இன் இறுதியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி அவ்வாறான போட்டியொன்றில் முதலிடம் பெற்றபோது வெள்ளவத்தை, பாமன்கடை, கொட்டாஞ்சேனை எங்கும் வீடுகள் மகிழ்ந்தன. அந்த மகிழ்ச்சி நியாயமானது. தொடர்ந்து பல தாய்தந்தையர் தம் பிள்ளைகளையும் அந்த மேடைக்கு அனுப்ப விரும்புவதும் இயல்பு. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய விதிகள் சில உள்ளன: இந்தியாவில் 2016இல் திருத்தப்பட்ட சிறுவர் தொழிலாளர் சட்டமும், அதன்கீழ் 2017இல் வந்த விதிகளும், குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேலும், தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேலும் பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்கின்றன, வருமானத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிலைவைப்பாக இடவும், குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்கேற்கச் செய்யாதிருக்கவும் பணிக்கின்றன. அமெரிக்காவில் சாப்ளினின் ‘த கிட்’ (1921) படத்துச் சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தன் வருமானம் செலவழிந்துபோனதைக் கண்டு தாய்மீதும் வளர்ப்புத் தந்தைமீதும் வழக்குத் தொடுத்ததன் விளைவாக, 1939இலேயே கலிபோர்னியாவில் இத்தகைய சட்டம் பிறந்தது. பேபி ஸ்ரீதேவியின் காலத்துச் சென்னைப் படப்பிடிப்புத் தளங்களில் இவ்வாறான பாதுகாப்பு ஏதும் இல்லை.

அவருக்குப் பின்வந்த சிலருக்கு அந்த இடைவெளி வாய்த்தது. பாசில் இயக்கிய ‘என்டெ மாமாட்டிக்குட்டியம்மைக்கு’ (1983) என்ற மலையாளப் படத்தால் குழந்தையாகவே புகழ்பெற்ற ஷாலினி, பின்னர் திரையை விட்டு விலகிச் சில ஆண்டுகள் படித்துவிட்டு, 1997இல் அதே பாசிலின் ‘அனியத்திப்பிராவு’ படத்தில் நாயகியாகத் திரும்பினார். இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு கீர்த்தனா. நடிகர்களான பார்த்திபனுக்கும் சீதாவுக்கும் மகளாகப் பிறந்த அவர், மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் அமுதாவாக நடித்தார். இராமேசுவரத்து அகதி முகாமில் பிறந்து, சென்னையில் தத்துப் பிள்ளையாக வளர்ந்து, ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மையை அறிந்து, பெற்றவளைத் தேடி மாங்குளத்துக்கு வர அடம்பிடிக்கும் அமுதாவைச் சமர்த்துக் குழந்தையாகக் காட்ட அப்படம் முயலவில்லை; கேள்வி கேட்பதும் கோபிப்பதும் வீட்டைவிட்டு ஓடுவதும் அவளுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தன. சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான இந்தியத் தேசிய விருது கீர்த்தனாவுக்குக் கிடைத்தது. விருதைத் தொடர்ந்து கதாநாயகியாகும் பாதை திறந்தே இருந்தபோதும் அவர் அதில் செல்லவில்லை. வளர்ந்தபின் கமெராவின் மறுபுறம் சென்று உதவி இயக்குநராகப் பணியாற்றினார்.