அடுப்பு அப்புறம், சுவர் முதலில்!

வெயில் சுட்டெரிக்கும் ஊரில் அமர்ந்துகொண்டு குளிர்நாட்டு உழவைப் பற்றி நான் ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக் கூடும். பௌதிகம் படிப்பவனுக்கு வெப்பம் எங்கிருந்தாலும் வெப்பந்தான். மேலும், இது நம் நாட்டின் வட எல்லையில் வாழும் மக்களின் உணவைப் பற்றிய கேள்வி அல்லவா?

லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். சோஜி லா கணவாயைப் பனி மூடிவிட்டால் லாரிகள் வாரா. பச்சைக் காய்கறி விமானத்தில் வந்தாக வேண்டும். அப்படி வருவது ஏழை வீட்டு அடுப்படி வரைக்கும் எட்டுமா? ஆயினும் அம்மண்ணுக்கு ஒரு செல்வம் உண்டு. ஆண்டில் 300 நாட்களுக்குக் குறையாத தெளிந்த வெயில்!

பசுமைக்குடில் என்றதும் நாற்புறமும் கண்ணாடி, உள்ளே சூடேற்றும் குழாய்கள் என்ற படமே நம் மனத்தில் எழுகிறது. அது ஐரோப்பா கற்றுக்கொடுத்த படம். நெதர்லாந்தில் 1959-ல் குரோனிங்கன் பகுதியில் பெரும் இயற்கை வாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. மலிவான வாயுவை எரித்தே அந்நாட்டுக் கண்ணாடிக் குடில்கள் குளிர்காலத்தை வென்றன. பிறகு நடந்தது என்ன? வாயு எடுத்ததால் நிலம் நடுங்கி வீடுகள் விரிசல் கண்டன. 2023 அக்டோபரில் அங்கே உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு உக்ரைன் போரினால் வாயு விலை ஏறியபோது, குடில்களை வெறுமையாய் விட்டவர்களும் உண்டு. ஐஸ்லாந்தின் கதை வேறு. பூமிக்கடியிலிருந்து வெந்நீர் பொங்கும் நாடு அது. 1924 முதலே அந்நீரைக் குழாயில் விட்டுக் குடில்களைச் சூடேற்றுகிறார்கள். அவர்களுக்கு வாய்த்தது, வாழட்டும். வாயுவும் வெந்நீரும் இல்லாத உழவன் என்ன செய்வான்?

முதலில் போகிற வெப்பத்தை நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து. எங்கள் சோதனைக்கூடத்தில் கலோரிமானியை மரப்பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் பஞ்சு அடைத்த பிறகுதான் சோதனையைத் தொடங்குகிறோம். அந்தப் பஞ்சின் வேலையைத்தான் லடாக்கில் மண்சுவர் செய்கிறது.

லே நகரில் மார்கழி நண்பகலிலும் கதிரவன் தென்வானில் சுமார் 32 டிகிரி உயரத்திலேயே நிற்கிறான். வடக்குப் பக்கத்திலிருந்து நேர்வெயில் ஒரு துளியும் வராது. அப்படியிருக்க அங்கே கண்ணாடி எதற்கு? வெப்பம் தப்பியோட வழி திறந்து வைப்பதற்கா? ஜெரஸ் என்னும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து பரப்பிய குடில்களில் வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் தடித்த மண்செங்கல் சுவர். இரட்டைச் சுவராக எழுப்பி, நடுவில் வைக்கோலோ மரத்தூளோ திணிக்கிறார்கள். தெற்கு மட்டும் பாலிதீன் தாள். பகலில் சுவர் வெப்பத்தைக் குடிக்கிறது. இரவில் மெல்லத் திருப்பித் தருகிறது. மாலையில் தாளின்மேல் திரை போடுகிறார்கள். நண்பகலில் உள்ளே புழுக்கம் மிகுந்து சாளரத்தைத் திறக்க வேண்டியும் வருகிறதாம்! தரையில் பள்ளம் தோண்டி, மேலே தாள் விரித்துக் கீரை போடும் இன்னும் எளிய முறையும் அங்கே உண்டு.

தண்ணீரையும் மறக்கலாகாது. 200 லிட்டர் பீப்பாயில் நிரப்பிய நீர் இரவில் 10 டிகிரி குளிர்ந்தால், இரண்டு யூனிட் மின்சாரத்துக்கும் மேலான வெப்பத்தைக் குடிலுக்குத் தந்துவிடுகிறது. செலவு, பீப்பாயின் விலை ஒன்றே.

அடுப்பே வைத்துவிட்டால் என்ன என்பார்கள். எதை எரிப்பது? லடாக்கில் மரம் அரிது. சாணமே எரிபொருள், அதுவே வயலுக்கு எரு. கீரைக்குச் சூடேற்ற எருவை எரிப்பது, வலக்கை கொடுத்ததை இடக்கை பிடுங்குவது போன்றது. மண்ணெண்ணெயோ மலையேறி வர வேண்டும்.

இம்முறை எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. மேகம் மூடிய நெதர்லாந்துக் குளிர்காலத்தில் சுவர் எதைக் குடிக்கும்? அங்கே சூடேற்றியே ஆக வேண்டும். ஆனால் அவர்களுங்கூட இரவில் குடிலுக்குள் திரை இழுத்து எரிபொருளை மிச்சப்படுத்துகிறார்கள். தக்காளிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சுவர் மட்டும் போதாது என்பதும் உண்மையே. பாலக்கும் கொத்தமல்லியும் குளிரைத் தாங்கும், தக்காளி தாங்காது. தையில் தக்காளி தின்றே ஆக வேண்டுமா? கீரை கிடைத்தாலே ஒரு குடும்பம் நலமாய் இருக்கும். மிஞ்சியதைச் சந்தையில் விற்றுப் பெண்கள் கையில் நாலு காசும் பார்ப்பார்கள்.

குறை ஒன்று உண்டு. மண்ணும் வைக்கோலும் மரமும் அந்த ஊரிலேயே கிடைக்கும். பாலிதீன் தாள் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். உயர்மலை வெயிலில் அது சில ஆண்டுகளில் நைந்து கிழிந்துவிடும். புதுத்தாள் வாங்கப் பணமில்லாதவன் குடில் அன்றோடு வெறும் மண்சுவராகிவிடுகிறது. அரசு மானியம் தர விரும்பினால் சூடேற்றும் பொறிக்குத் தர வேண்டாம். இந்தத் தாளுக்குத் தரட்டும். அதுவும் பனி விழுந்த பிறகு அல்ல, ஐப்பசிக்கு முன்பே உழவன் கைக்குப் போய்ச் சேரட்டும்.