யாருக்கு எந்த விளையாட்டு?

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்குத் தெற்கே இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பெக்கோக். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும் நிறைந்திருக்கும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்குச் செல்வோர் இவ்வூரைக் கடந்துதான் செல்வர். நாட்டின் பிற ஊர்களைப் போலவே இங்கும் பள்ளி விட்டதும் மாணவர் கை திறன்பேசியைத் தேடுகிறது. அதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பக்கத்து இருக்கை நண்பன் விளையாடும் அதே விளையாட்டுதான்.

பெற்றோர் கேட்கும் கேள்வி, ‘விளையாடலாமா, கூடாதா?’ என்பதோடு நின்றுவிடுகிறது. ‘இவனுக்கு எது பொருந்தும்?’ என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. நூலகத்தில் ஒரு மாணவி புத்தகம் கேட்டால், அவளுக்குத் துப்பறியும் கதை பிடிக்குமா, வரலாறு பிடிக்குமா என்று ஆசிரியர் விசாரிப்பார். காணொலி விளையாட்டுக்கு மட்டும் அந்த விசாரணை தேவையில்லை என்று நாமே முடிவு செய்துவிட்டோம். அந்த இடத்தை நண்பர்களும் விளம்பரங்களும் பிடித்துக்கொண்டன.

விளையாடுவோர் ஒரே மாதிரி அல்லர் என்பது புதிய செய்தியன்று. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டலும், பலர் ஒரே நேரத்தில் நுழைந்து விளையாடும் கணினி உலகம் ஒன்றை உருவாக்கினர. அதில் படமே இல்லை, எல்லாம் எழுத்துதான். அத்தகைய உலகங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கின்றனர் என்று கவனித்த பார்ட்டல், 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். புள்ளியும் பரிசும் சேர்ப்போர், மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்ப்போர், பேசிப் பழக வருவோர், பிறரோடு மோதி வெல்ல வருவோர் ஆகியோரே அந்நால்வர். சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களையும் அவர்களுக்கு அடையாளமாகக் கொடுத்தார். இப்பிரிவு சாதகக் குறிப்புப்போல் மாறாத ஒன்றன்று. திங்கட்கிழமை மோத விரும்புபவன் சனிக்கிழமை சும்மா சுற்றிப் பார்க்க விரும்பலாம். இருந்தாலும், பரிந்துரை செய்ய இது நல்ல தொடக்கம்.

எடுத்துக்காட்டாக, மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டைப் பார்ப்போம். 2016-இல் வெளிவந்த இது தென்கிழக்காசியா முழுவதும் பரவியது. 2019-இல் பிலிப்பைன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்குரிய போட்டியாகவும் இடம்பெற்றது. ஐவர் ஓர் அணி. ஓர் ஆட்டம் ஏறக்குறைய 15 நிமிடம் ஓடும். இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை. இந்த ஒரு விதியில்தான் எத்தனையோ வீட்டுச் சண்டைகளின் வேர் இருக்கிறது. ‘சாப்பிட வா’ என்று அம்மா அழைக்கும்போது மகன் எழுந்தால், மற்ற நால்வர் தோற்பர். பாதியில் போனவனுக்குத் தண்டனையும் உண்டு. அம்மாவின் கண்ணுக்கு அது பிடிவாதம். மகனுக்கோ அது நட்புக்குச் செய்யும் கடமை. இருவர் சொல்வதிலும் நியாயம் உள்ளது. மோதலும் கூட்டுழைப்பும் பிடித்தவனுக்கு, இடையூறில்லாத நேரமும் உள்ளவனுக்கு, இது நல்ல விளையாட்டுதான். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே, அடிக்கடி எழுந்து போகவேண்டிய பிள்ளைக்கு இதைப் பரிந்துரைப்பது அவனைத் தினமும் திட்டு வாங்க வைப்பதற்குச் சமம். அத்தகையவனுக்கு எந்த நொடியிலும் நிறுத்தக்கூடியது வேண்டும். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் இன்றும் அந்த வேலையைச் செய்கிறது.

கதை விரும்பும் மாணவியின் நிலை வேறு. தோழியர் சொன்னார்கள் என்பதற்காக அவள் சண்டை விளையாட்டை இறக்கம் செய்து, தோற்று, ஏளனத்துக்கு ஆளாகி, ‘எனக்கு விளையாட்டே வராது’ என்று ஒதுங்கிவிடுகிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் ‘வெண்பா’. டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட இவ்விளையாட்டில், 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் மகன் கவினும்தான் பாத்திரங்கள். தாயார் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை கலைந்தும் போயிருக்கிறது. எதை முதலில் சேர்ப்பது, எதைப் பிறகு சேர்ப்பது என்று ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே விளையாடுபவரின் வேலை. தவறினால் மறுபடியும் செய்யலாம். யாரும் சுட மாட்டார்கள். இடையில் மகன் மெல்லத் தமிழிலிருந்து விலகிப் போவதையும் பார்க்கிறோம். ஓரிரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டாக இது தேர்வு பெற்றது. இட்லிப் பானையை அன்றாடம் பார்க்கும் நம் மாணவர் பலருக்கு இப்பெயர் தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

தேடிப் பார்ப்பவனுக்கும் கட்டி எழுப்புபவனுக்கும் மைன்கிராஃப்ட் இருக்கிறது. இசைப் பைத்தியங்களுக்கு மலேசிய நிறுவனமான மெட்ரோனோமிக் 2020-இல் வெளியிட்ட ‘நோ ஸ்ட்ரேட் ரோட்ஸ்’ இருக்கிறது. அமைதியாகத் தோட்டம் போட விரும்புவோருக்கு, எரிக் பரோன் என்பவர் தனியொருவராக உருவாக்கிய ‘ஸ்டார்டியூ வேலி’ உண்டு. தோட்டப்புறத்தில் வளரும் பிள்ளை திரையிலும் தோட்டமா போடும் என்று பெரியவர்கள் சிரிக்கலாம். ஆனால், போடும்!

பரிந்துரைப்பது விளையாட அனுமதிப்பதாகும் என்று சில பெற்றோர் அஞ்சுகின்றனர். அச்சம் வீணன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. கட்டுப்பாடு இழத்தல், பிற வேலைகளைவிட விளையாட்டுக்கு முதலிடம் தருதல், கேடு தெரிந்தும் தொடர்தல் ஆகியவையே அதன் அடையாளங்கள். ஆனால், ரசனையைக் கேட்டுச் சொல்லும் பரிந்துரை இந்த அச்சத்துக்கு எதிரியன்று. ‘வெண்பா’ ஒரு நாவலைப்போல முடிந்துவிடும். முடிவே இல்லாத விளையாட்டோ, இலவசமாக உள்ளே அழைத்து, உடைக்கும் ஆயுதத்துக்கும் பின்னர் ரிங்கிட் கேட்கும். எஸ்.பி.எம். எழுதும் ஆண்டில் ஒரு மாணவனுக்கு இவ்விரண்டில் எதைச் சொல்வது என்பது சிறிய வேறுபாடன்று. இரண்டையும் ‘கேம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கித் தடை போடும் வீட்டில் அந்த வேறுபாடு பேசப்படாமலே போகிறது.

ஆகவே, பரிந்துரைப்பவர் முதலில் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். தோற்றால் கோபம் வருமா, சிரிப்பு வருமா? தனியே விளையாடப் பிடிக்குமா? வீட்டில் இணையம் சீராகக் கிடைக்கிறதா? திறன்பேசி அவனுடையதா, அப்பாவுடையதா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால், அண்ணனும் தங்கையும் ஒரே திறன்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அதுவே முதல் கேள்வி. அவ்வீட்டுக்கு இணையம் தேவைப்படாத, இருவரும் மாறி மாறிக் காய் நகர்த்தும் சதுரங்கச் செயலி ஒன்று போதும்.