வெந்நீரூற்றும் வெற்றுரையும்

புவிவெப்பத்தைப் பற்றிப் பேச மேடையேறும் எம் மாணவர், ஐஸ்லாந்துத் தலைநகரின் இல்லங்கள் நிலத்தடி வெந்நீரால் வெம்மை பெறுவதைக் கூறுவர். 1904ஆம் ஆண்டில் இத்தாலியின் லார்தெரெல்லோவில் நிலத்து நீராவி கொண்டு ஐந்து மின்விளக்குகள் எரிக்கப்பட்டதையும் தடையின்றி ஒப்புவிப்பர். கன்னியா நீர் எத்தனை பாகை என்று வினவினாலோ வாய்திறவார். குற்றம் அவரதன்று. அவரை அழைத்துச் சென்ற நாமும் ஏழு கிணறுகளிலும் கைவிட்டுப் பார்த்து, "சூடுதான்" என்று கூறிவிட்டுத் திருகோணமலைக் கடற்கரைக்கு விரைந்தவர்களே. தமிழாசிரியருக்கு வெப்பமானி எதற்கு என்று நகைப்போர் நகைக்க.

நம் நாட்டில் உயிருள்ள எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற் புகுந்து, ஆங்குள்ள இயல்பான வெம்மையை ஏற்று மீள்கின்றது. கீழே செல்லச் செல்ல ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை வெப்பம் மிகுதல் பொதுவிதி. கன்னியா, மகாஓயா முதலிய ஊற்றுகள், மலைநாட்டுப் பாறைத்தொகுதி கிழக்கிலுள்ள விஜயன் தொகுதியைச் சந்திக்கும் எல்லையை ஒட்டியே பெரும்பாலும் எழுகின்றன. மகாஓயா நீர் 50 பாகையைக் கடந்தது. கன்னியா நீர் அதனினும் தணிந்தது.

இதைக் கொண்டு மின்சாரம் பெறலாமே என்பர். அலாஸ்காவின் சீனாவில், 74 பாகை அளவான நீரால் 2006 முதல் மின் பிறப்பிக்கின்றனர் என்பது மெய். ஆயின் சுழலியை இயக்குவது வெம்மை மட்டுமன்று. வெம்மைக்கும் தண்மைக்கும் உள்ள இடைவெளி. அங்கே குளிர்விக்கப் பனிநாட்டு நீர் உளது. எம்மிடமோ வெதுவெதுப்பான ஆற்றுநீரே. பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி வரும் மகாவலி நீர் உக்குவளையில் 1976 முதல் மின் தருகின்றது. அதனோடு எம் வெந்நீரூற்றுகள் போட்டியிடா.

வெம்மையை வெம்மையாகவே கொள்வதே எமக்குத் தகும். மாத்தளையில் மிளகு பறிக்குங்கால் மழை இறங்கிவிட்டால் முற்றத்துப் பாயிற் பரப்பியது பூஞ்சணம் பிடிக்க, விலை பாதியாகும் துன்பத்தை அறியாத குடும்பம் குறைவு. வெந்நீர்க் குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தி உலர்த்தினால் விறகும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். எனினும் வெந்நீரை நெடுந்தொலைவு கொண்டுவரல் கூடாமையின், உலர்த்தும் சாலை ஊற்றருகே அமைதல் வேண்டும். முதற்பயன் எம் மிளகுக்கன்று. மகாஓயாப் புறத்துச் சோளத்துக்கும் நிலக்கடலைக்குமே. அதற்காக நாம் வருந்தவேண்டுவதில்லை.

கன்னியாவையோ தொடுதல் ஆகாது. அங்கே எம்மவர் மறைந்த பெற்றோர்க்குக் கடனாற்றி நீராடுகின்றனர். நியூசிலாந்தின் ரொட்டோருவாவில் வெந்நீருக்காகத் துளைகள் பல இடப்பட்டதனால் இயற்கை ஊற்றுகள் தளர்ந்தன. 1986 முதல் அத்துளைகளை மூடுவித்த பின்னரே அவை தேறின. அருகிற் குழாய்க்கிணறு தோண்டுமுன் அதனை எண்ணுதல் வேண்டும்.

பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் பேச்சுப் போட்டிக் கிண்ணத்தின் விலையை, நான்கு வெப்பமானிகளுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் அளிப்பீராக. மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, மாணவர் ஏழு கிணறுகளையும் மகாஓயாவையும் அளந்து குறிக்கட்டும். இருபருவத்தும் வெப்பம் மாறாதிருப்பின் நீர் ஆழத்திலிருந்து வருகின்றது எனக் கருத இடமுண்டு. மாறுமாயின் மேல்நீர் கலக்கின்றதோ என ஆராயலாம். அளவுகளை அடுத்த மலரில் அச்சிட இரண்டு பக்கங்கள் போதும். ஒப்புநோக்கும் வேலையை நாம் ஏற்கின்றோம்.