முதல் முறிவே எச்சரிக்கை

ஐந்து வருடத்துக்கு முன் என் அக்கா வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்தாள். வயது எழுபத்தொன்று. மணிக்கட்டு முறிந்தது. "ஒண்ணுமில்லலே, கையை ஊணிட்டேன்" என்றாள். மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள். நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று டாக்டரும் கேட்கவில்லை. கூடப் போன நானும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, இரவு பாத்ரூம் போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆனது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு வருடம் தவறாமல் நடந்தே போனவள், இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணைவரை வருகிறாள்.

துறைமுகத்தில் வேலை பார்த்தவன் நான். கிரேன் கம்பிக் கயிற்றில் சில இழைகள் அறுந்து தெரிந்தாலே அதைச் சோதிக்காமல் சுமை தூக்க விடமாட்டோம். சொந்த அக்கா விஷயத்தில் அந்தப் புத்தி வரவில்லையே!

முழங்கால் வலியை நாம் 'எலும்புத் தேய்மானம்' என்போம். அது மூட்டுத் தேய்மானம். நான் சொல்வது எலும்பு மெலிவு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். முறியும்வரை பெரும்பாலும் வலியே இராது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும். ஆஸ்துமாவுக்கு வெகுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கூன் விழுவதும், இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைவதும் வெறும் வயசுக் கோளாறு அல்ல. முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கியிருக்கலாம்.

டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிவு என்று பொருள். லேசாக விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால், அந்த எண்ணுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

"இந்த வயசில் இனி என்ன மருந்து?" என்பதுதான் நம் வீடுகளில் கேட்கும் பேச்சு. நான் ஒப்பமாட்டேன். தளர்ந்தவர்களுக்குத்தான் அடுத்த முறிவு படுக்கையில் தள்ளும். வாரம் ஒரு தடவை சாப்பிடும் மாத்திரை உண்டு. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அப்படி உட்கார முடியாதவர்களுக்கு வருடம் ஒரு முறை டிரிப்பில் ஏற்றும் மருந்து இருக்கிறது. சிறுநீரகத்தையும் வைட்டமின் டி அளவையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

மிச்சம் நம் கையில். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பாத்ரூமில் கைப்பிடி, இரவில் விளக்கு, வழுக்காத செருப்பு வேண்டும். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரையால் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மாவுக்கட்டு போட்டால், பிரிக்கும் நாளில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எலும்பு ஏன் இவ்வளவு லேசில் முறிந்தது, டாக்டர்?" நான் கேட்கத் தவறிய கேள்வி அது.